சாட்சிக் கூண்டில் ஒரு சொல்

வழக்கறிஞர் ஆங்கிலத்தில் 'எக்ஸ்பர்ட்' என்றார்.
எனக்கு மூன்று விநாடி.
'நிபுணர்' என்றேன்.
அலுவலகச் சொற்பட்டியல் அப்படித்தான் சொல்கிறது.
வடக்கிலிருந்து வந்து
எப்போதோ நிரந்தரவாசம் வாங்கிவிட்ட சொல்,
இஸ்திரி கலையாத சொல்.

கூண்டில் நின்ற அடைக்கலம் தலையாட்டினார்.
புரிந்தவர் ஆட்டுவதுபோல் இல்லை,
வெயிலில் சூப்பர்வைசர் பேசும்போது ஆட்டுவது.
பாசிர் பாஞ்சாங்கில் பதினோரு வருடம்
கொள்கலன்களைக் கட்டியவர்.
வலக்கையில் இப்போது இரண்டரை விரல்.

நிபுணர் டாக்டர் குவெக் எழுந்து
நாற்பத்து நான்கு பக்கம் வாசித்தார்.
இழுவிசை. உலோகச் சோர்வு. ஊழியரின் கவனக்குறைவு.
ஒவ்வொன்றையும் தமிழில் இறக்கி வைத்தேன்,
முட்டைத் தட்டு இறக்குவதுபோல.
உலோகத்துக்குமா சோர்வு என்று
அடைக்கலம் என்னைப் பார்த்தார்.
பதில் சொல்வது என் வேலை இல்லை.

பிறகு அவர் முறை.
"கம்பி பாடுச்சுங்க.
அறுந்துபோறதுக்கு முன்னாடி பாடும்,
காதுக்கிட்ட கொசு வர்ற மாதிரி.
கீழ ரெண்டு பங்களாதேஷ் பையங்க.
கத்துனேன். அவனுங்க ஓடிட்டானுங்க."

கம்பி பாடியது என்றே ஆங்கிலத்தில் சொன்னேன்.
நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.
பாடியதா?
பாடியது.
சத்தம் எழுப்பியது என்று திருத்தலாமே என்றது எதிர்த்தரப்பு.
நான் திருத்தவில்லை.
டாக்டர் குவெக் மட்டும்
அறிக்கையின் ஓரத்தில் பென்சிலால்
ஏதோ குறித்துக்கொண்டார்.

மதிய ஓய்வறை.
மீ சியாம் பொட்டலத்தைப் பிரித்தபடி
மலாய் மொழிபெயர்ப்பாளர் நூர்ஹிதாயா சொன்னாள்:
எங்களுக்கு அஹ்லி. அரபுச் சொல்.
வேரைப் பார்த்தால் வீட்டார் என்று பொருள்.
அதாவது, வேலைக்கு வீட்டு மனிதர்.
அவள் புளிக்குழம்பைத் துடைத்துவிட்டுப் போய்விட்டாள்.
நான்தான் மாட்டிக்கொண்டேன்.

வல்லுநர் இருக்கிறது.
(போன வருடம் ஒரு சுவரொட்டியில் வல்லுனர் என்று அச்சாகி
மூன்று பேர் கோபமாகக் கடிதம் போட்டார்கள்.)
வல் என்றால் வலிமை;
பழந்தமிழில் சூதாட்டக் காய்க்கும் அதே பெயர்.
கில்லாடியைத் தட்டினால்
உள்ளே இந்தி பேசும் விளையாட்டுக்காரன்.
ஆக, கெட்டிக்காரர் எந்த வாசலில் வந்தாலும்
பக்கத்தில் ஒரு பகடை உருள்கிறது.
உருட்டியவர் யார்,
விரல் யாருடையது
என்று மட்டும் சொல் சொல்வதில்லை.

துறைபோனவர் என்றும் உண்டு,
நீரைக் கடந்து அக்கரைத் துறை தொட்டவர்.
கடல் தாண்டி வந்து
துறைமுகத்தில் பதினோரு வருடம் நின்றவரிடம்
அதை எப்படிச் சொல்வது?

எக்ஸ்பர்ட்டையும் உரித்துப் பார்த்தேன்.
அடியில் லத்தீன்:
முயன்று பார்த்தவர், பட்டுப் பார்த்தவர்.
ஆபத்தைக் குறிக்கும் ஓர் ஆங்கிலச் சொல்லும்
அதே வேரில்தான் முளைத்திருக்கிறது.
ஆனால் அகராதியைக் கூண்டில் ஏற்ற முடியாது.
என்னையும்தான்.
கூட்டாமல் குறைக்காமல் என்று
சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன்.

பிற்பகல் குறுக்கு விசாரணை.
டாக்டர், நீங்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டதுண்டா?
இல்லை, என்றார்.
பிறகு, யாரும் கேட்காமலே,
எங்கும் படித்ததுகூட இல்லை, என்றார்.
குரலை ஏற்றாமல் அதைத் தமிழில் சொல்லப் பார்த்தேன்.
கொஞ்சம் ஏறிவிட்டது.

ஐந்தரை மணி, மின்தூக்கி.
சாட்சிகளோடு பேசக்கூடாது என்பது விதி.
"மேடம், நிபுணர்னா யாரு?"
நான் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பன்னிரண்டு.
ஒன்பது.
நான்கு.

தரைத்தளத்தில் கதவு திறந்து
உடனே மூட வந்தது.
நான் இறங்கும்வரை
அதைப் பிடித்து நிறுத்தியிருந்தன
இரண்டரை விரல்கள்.